பெயரோடு ஆண்டையும் எழுதுங்கள்

திண்டுக்கல்லில் கல்யாணப் பந்தி என்றால் பிரியாணிப் பேச்சு வராமல் இருக்காது. சைவக் கல்யாணங்களில் இப்போது காளான் பிரியாணி போடுகிறார்கள். இலையில் அது விழுந்ததும் பக்கத்தில் இருக்கும் பெரியவர் யாராவது ஒருவர் கையை எடுத்துக்கொண்டு, "வாத்தியாரே, இது சைவமா அசைவமா?" என்று கேட்பார். உயிரியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கேள்வி என் பங்குக்கு வந்துவிடுகிறது.

கேட்பவர் எதிர்பார்ப்பது இரண்டில் ஒன்று. செடி என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் விலங்கு என்று சொல்ல வேண்டும். காளான் இரண்டும் இல்லை. பூஞ்சைகள் என்று ஒரு தனிப் பெரும்பிரிவு இருக்கிறது, காளான் அதைச் சேர்ந்தது. செடிக்கு இருக்கிற பச்சையம் அதற்குக் கிடையாது, ஆகவே வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள முடியாது. நம்மைப் போல வாயால் தின்று வயிற்றில் செரிப்பதும் இல்லை. படர்ந்திருக்கும் வைக்கோலின் மேலோ மரக்கட்டையின் மேலோ செரிமான நீரைச் சுரந்து, வெளியிலேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. அதன் செல் சுவரில் இருப்பது கைட்டின். நண்டு ஓட்டிலும் இறால் ஓட்டிலும் இருக்கிற அதே பொருள். மிச்ச உணவைச் செடி ஸ்டார்ச்சாகச் சேர்த்துவைக்கும். காளான் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கிறது, நம் கல்லீரலும் அப்படித்தான். 1993இல் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், பூஞ்சைகளுக்கு நெருங்கிய சொந்தம் செடிகள் அல்ல, விலங்குகள்தான் என்று கண்டார்கள்.

இதையெல்லாம் பந்தியில் சொன்னால் பெரியவர் இலையை மூடிவிடுவார். "சாப்பிடுங்க, அதுல ரத்தமும் இல்ல, நரம்பும் இல்ல" என்று சொல்லிவிட்டு, மீதியை வெற்றிலை போடும்போது சொல்வேன். அவர் காது கொடுத்துக் கேட்பார். நம் ஊர்ப் பெரியவர்கள் புதுச் செய்திக்குக் காது கொடுப்பவர்கள்தான், சொல்கிறவனுக்குப் பொறுமை இருந்தால்.

நான் பியூசி படித்த 1960களில் காளான் செடிதான். தாவரவியல் புத்தகத்தில், பாசிக்குப் பக்கத்தில், பூவும் வேரும் இல்லாத தாழ்ந்த செடி என்று போட்டிருந்தார்கள். அதையே படித்து, அதையே எழுதித் தேர்வானோம். நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலத்தில் புத்தகம் மாறியது; காளான் தனிப் பெரும்பிரிவாகிவிட்டது. மாறியது புத்தகம்தான். காளான் எப்போதும் போல மழைக்குப் பிறகு முளைத்து வெயிலில் கருகிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. உயிர்களை மனிதர்கள் எந்த வகையாகப் பிரித்தாலும் அந்தப் பிரிப்புக்கு ஒரு தேதி இருக்கிறது. யார் பிரித்தார், எப்போது பிரித்தார், அப்போது அவர் கையில் என்ன கருவி இருந்தது என்று பார்க்காமல் வகையின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் நாம் உயிரைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். வகுப்பறையில் பிள்ளைகளோடு கழித்த காலம் முழுவதும் இது என்னோடு கூடவே வந்தது. வயதானபின் இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது.

தமிழில் இதற்கு மிகப் பழைய சான்று தொல்காப்பியம், பொருளதிகாரத்தின் மரபியல். அங்கே உயிர்கள் புலனறிவைக் கொண்டு வரிசைப்படுத்தப்படுகின்றன. புல்லும் மரமும் தொடு உணர்வு மட்டும் உள்ள ஓரறிவுயிர். நத்தையும் சிப்பியும் சுவையும் சேர்ந்த ஈரறிவுயிர். கறையானும் எறும்பும் மூன்று, நண்டும் தும்பியும் நான்கு, விலங்குகள் ஐந்து, மனமும் சேர்ந்த மனிதர் ஆறு. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இரண்டு. மரத்தை உயிரற்ற பொருளோடு தள்ளாமல் முதல் வரிசையிலேயே உயிராக எண்ணியது ஒன்று. இன்னொன்று, இது என் கண்டுபிடிப்பு என்று சொல்லாமல், முன்னே உணர்ந்தவர்கள் நெறிப்படுத்தியது என்று சொல்லித் தருவது. கண்ணாடிக் கருவி எதுவும் இல்லாத காலத்தில், வெறும் கண்ணால் நெடுநாள் பார்த்தவர்களின் வேலை அது. கறையானையும் எறும்பையும் அவர்கள் ஒரே வரிசையில் வைத்தார்கள். கூட்டமாக வாழ்வதையும் ஊர்ந்து போவதையும் பார்த்தால் யாரும் அப்படித்தான் வைப்பார்கள். 2007இல் மரபணுவைப் பார்த்தவர்கள் கறையான் எறும்பின் உறவு அல்ல, கரப்பான் குடும்பத்துக்குள்ளேயே வருகிற பூச்சி என்றார்கள். பழையவர்களின் பார்வை குறைந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்கள் கேட்ட கேள்வி வேறு: இந்த உயிர் உலகத்தை எதனால் அறிகிறது?

மேற்கில் கார்ல் லின்னேயஸ் 1735இல் இயற்கை முழுவதையும் மூன்றாகப் பிரித்தார்: கனிமம், தாவரம், விலங்கு. கல்லுக்கும் அவர் திட்டத்தில் ஓர் இடம் இருந்தது. நுண்ணோக்கியில் தெரிந்த குட்டி உயிர்களை எங்கே வைப்பது என்று பின்னால் வந்தவர்கள் திண்டாடினார்கள். 1866இல் எர்ன்ஸ்ட் ஹெக்கேல் அவற்றுக்குப் புரோட்டிஸ்டா என்று மூன்றாவது உயிர்ப்பிரிவு ஒன்றைக் கொடுத்தார். 1938இல் ஹெர்பர்ட் கோப்லேண்ட், உட்கரு இல்லாத பாக்டீரியாவைத் தனியே பிரித்து நான்காக்கினார். 1969இல் ராபர்ட் விட்டேக்கர் பூஞ்சைகளையும் பிரித்து ஐந்தாக்கினார்: மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சைகள், தாவரங்கள், விலங்குகள். நம் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற ஐந்துலக வகைப்பாடு இதுதான்.

வரிசையாகச் சொன்னால் ஏதோ படி ஏறுவது போலத் தெரியும். எல்லைக் கோட்டில் நிற்கிற ஓர் உயிரைக் கண்ணால் பார்த்தால்தான் இவர்கள் பட்ட பாடு புரியும். அதற்காக நான் பிள்ளைகளுக்கு முதலில் காட்டியது யூக்ளினா. ஊர்க் குளத்தின் ஓரத்தில் பச்சை ஏறிக் கிடக்கும் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடித் தகட்டில் விட்டு, மேலே மெல்லிய வில்லையை வைத்து நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தால் போதும். நீளவாட்டில், இலைப் பச்சையில், ஒரே ஒரு செல். அதன் முன்பக்கம் ஒரு கசையிழை சுழல்கிறது. அதன் அடியில் செம்புள்ளி ஒன்று. அதை வைத்து வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்கிறது. செடிக்கு உள்ளது போன்ற விறைப்பான செல் சுவர் இல்லாததால் உடம்பைச் சுருக்கி, பெருக்கி, நெளிந்து போகிறது. நுண்ணோக்கியின் மேல் குனிந்திருக்கிற பெண்பிள்ளை, "சார், செடி நீந்துது!" என்று கத்துவாள். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருத்தி கத்துவாள்.

அதே உயிரை இருட்டில் பல நாள் வைத்தால் பச்சை வெளுத்துப்போகும். ஆனால் செத்துப்போகாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உணவை உறிஞ்சிப் பிழைத்துக்கொள்ளும். பகலில் செடியாகவும் இருளில் விலங்கைப் போலவும் வாழ்கிற இதைத் தாவரவியல் புத்தகம் தன் பாசிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. விலங்கியல் புத்தகம் தன் ஒருசெல் விலங்குகளில் சேர்த்துக்கொண்டது. ஒரே பிள்ளை ஒரே ஆண்டில் இரண்டு புத்தகத்திலும் அதைப் படித்தான். சண்டை எதற்கு? உயிர் தன்பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தது. கோடு நாம் போட்டது.

நம் தமிழ்நாட்டில் இந்தக் கோட்டின் மேலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள் இருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசியியலை வளர்த்த எம்.ஓ.பி. அய்யங்கார் 1932இல் ஈர மண்ணில் வளரும் ஒரு பாசியைக் கண்டெடுத்து, லண்டன் பாசியியலாளர் ஃபிரிட்ச் பெயரால் ஃபிரிட்சியெல்லா என்று பெயரிட்டார். அவர் வழியில் வந்த டி.வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளை ஒவ்வொன்றாக வரைந்து, அளந்து, விவரித்து 1959இல் 'சயனோஃபைட்டா' என்ற பெரு நூலை வெளியிட்டார். நெல் வயலில் தண்ணீரின் மேல் படர்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிற உயிர்களும் அதில் உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் கதை மாறியது. இந்தச் செல்களுக்குள் உட்கருவே இல்லை, அமைப்பெல்லாம் பாக்டீரியாவுடையது என்று ரோஜர் ஸ்டேனியர் முதலியவர்கள் 1970களில் உறுதியாக நிறுவினார்கள். நீலப்பச்சைப் பாசி சயனோபாக்டீரியா ஆனது.

தேசிகாச்சாரியின் நூல் அதனால் வீணாகிவிட்டதா? இல்லை. இன்றைக்கும் நன்னீர் சயனோபாக்டீரியாவை அடையாளம் காண்கிறவர்கள் அந்தப் படங்களைத்தான் புரட்டுகிறார்கள். அவர் வைத்த பெரும்பிரிவு போய்விட்டது. அவர் பார்த்து வரைந்த இழை, அதன் அகலம், அதன் உறை, அது கிளைக்கும் விதம், எல்லாம் அப்படியே நிற்கின்றன. எனக்கு இது பெரிய ஆறுதல். ஒருவர் கொடுத்த தலைப்பு மாறலாம், கவனமாகப் பார்த்த பார்வை மாறுவதில்லை.

வகை என்பது ஏட்டுச் சங்கதி, விவசாயிக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சிறுமலை அடிவாரத்தைக் காட்டுவேன். வெள்ளோடு பக்கம் என் மைத்துனருக்குக் கொஞ்சம் திராட்சை இருக்கிறது. மழைக் காலத்தில் போன் வரும்: "மச்சான், இலையில வெள்ளை விழுந்திருக்கு. எதை அடிக்கிறது?" போனில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. போய்ப் பார்க்க வேண்டும். இலையின் மேல்பக்கம் மாவைத் தூவியது போல வெள்ளையாக இருந்து, விரலால் துடைத்தால் வந்துவிட்டால் அது சாம்பல் நோய். மேல்பக்கம் எண்ணெய்ப் பசையான மஞ்சள் புள்ளியும், இலையைத் திருப்பினால் அதே புள்ளிக்கு நேர் கீழே வெள்ளைப் பூசணமும் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். பெயரில் நெருங்கிய உறவு. தோட்டத்திலும் இரண்டுமே வெள்ளை. ஆனால் முதலாவது உண்மையான பூஞ்சை. இரண்டாவது பூஞ்சையே அல்ல.

அடிச்சாம்பலை உண்டாக்கும் உயிர் ஊமைசீட்டுகள் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் செல் சுவரில் முக்கியமாக இருப்பது கைட்டின் அல்ல, செல்லுலோஸ். ஈர இலையின் மேல் அதன் வித்துகள் இரண்டு கசையிழைகளால் நீந்திப் போய்த் துளை தேடுகின்றன. அதனால்தான் மழையும் பனியும் விடாமல் இருக்கும் நாளில் அது ஒரே வாரத்தில் தோட்டத்தைப் பிடிக்கிறது. கடல் பழுப்புப் பாசியும் டயாட்டமும் அதற்கு உறவு. நூலிழையாகப் படர்ந்து வாழ்ந்ததால் நூறாண்டுக்கும் மேலாகப் பூஞ்சை என்று எண்ணினார்கள். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழுக வைத்துப் பெரும்பஞ்சத்தைக் கொண்டுவந்த நோயும் இந்தக் கூட்டத்தின் வேலைதான்.

இப்போது மருந்துக்கு வாருங்கள். கந்தகம் சாம்பல் நோய்க்கு நன்றாகக் கேட்கும், அடிச்சாம்பலுக்குக் கேட்காது. கார்பென்டாசிம் உண்மைப் பூஞ்சையின் செல் பிரிவதைத் தடுக்கும், ஊமைசீட்டின் மேல் அதன் வேலை பலிக்காது. மெட்டலாக்சில் இதற்கு நேர் எதிர். ஊமைசீட்டுக்கு மட்டும்தான் கேட்கும். 1880களில் பிரான்சில் திராட்சை அடிச்சாம்பலுக்காகவே கண்டுபிடித்த போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது, இன்றும் முன்கூட்டி அடித்தால் காப்பாற்றுகிறது. கடைக்காரர் "வெள்ளைக்கு இது" என்று எடுத்துக் கொடுக்கிற டப்பாவில் எந்தப் பெரும்பிரிவுக்கான மருந்து இருக்கிறது என்பதுதான் அந்த வருஷத்து வருமானம். பெரும்பிரிவு தெரியாமல் அடித்த மருந்துக்குக் காசும் போகும், குலையும் போகும், நிலத்தில் நஞ்சும் சேரும். மைத்துனர் இப்போது இலையைத் திருப்பிப் பார்க்காமல் போனை எடுப்பதில்லை.

எந்தப் பெரும்பிரிவிலும் சேராத ஒன்றும் இந்தச் சமவெளியில் உண்டு. திண்டுக்கல் சுருட்டு ஒரு காலத்தில் கடல் கடந்து போனது. ஸ்பென்சர் கம்பெனி இங்கே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. வேடசந்தூரில் புகையிலைக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாக உண்டு. அந்தப் புகையிலையில்தான் உலகம் முதல் வைரஸைக் கண்டது. இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாக விழும் தேமல் நோய். 1892இல் ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி, நோயுற்ற இலையின் சாற்றைப் பாக்டீரியா நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் வடிகட்டினார். வடிந்து வந்த தெளிந்த சாறும் நோயைப் பரப்பியது. 1898இல் நெதர்லாந்தின் பெயரிங்க் இது பாக்டீரியாவே அல்ல, வேறு ஏதோ புதிது என்று துணிந்து சொன்னார். 1935இல் அமெரிக்காவின் ஸ்டான்லி அதை உப்பைப் போலப் படிகமாக்கிக் காட்டினார். படிகமாகக் குப்பியில் கிடந்தது, இலையில் தேய்த்ததும் பெருகியது. உயிரா, பொருளா? விட்டேக்கரின் ஐந்தில் அதற்கு இடமில்லை. வைரஸ்களுக்கென்று தனி வகைப்பாடே வைத்திருக்கிறார்கள்.

இடம் இல்லை என்பதற்காக அது சும்மா இருக்கவில்லை. காய்ந்த புகையிலையிலும் அது சாகாது. பீடி, சுருட்டு பிடித்த கையைக் கழுவாமல் தக்காளி நாற்றைத் தொட்டால் நாற்றுக்குத் தேமல் ஒட்டும். அய்யலூர்ப் பக்கம் தக்காளி போடுகிறவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. நமக்கு எதிரே நிற்கிற சிறுமலையிலும், மேற்கே கீழ்ப்பழனி மலையிலும் 1970களிலிருந்து மலை வாழையை அழித்த முடிக்கொத்து நோய்க்கும் காரணம் வைரஸ்தான். அசுவினிப் பூச்சி அதைச் செடிக்குச் செடி கொண்டுபோனது. குருத்து ஒடுங்கிக் கொத்தாகி நின்றுவிட்ட வாழைக்கு எந்த மருந்தும் கிடையாது. தூரோடு தோண்டி அழிக்க வேண்டும், அசுவினியை ஒடுக்க வேண்டும், நோயற்றது என்று சோதித்த கன்றை நட வேண்டும். அந்தச் சிறுமலை வாழையும் விருப்பாட்சி வாழையும் பிறகு புவிசார் குறியீடு பெற்றன. அவற்றின் மணம் தெரிந்த தலைமுறைக்குத்தான் அந்த இழப்பின் அளவு தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். நாங்களும் வகை பிரித்தோம். பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து முதல் குரூப், பயாலஜி குரூப், காமர்ஸ், தொழிற்பிரிவு என்று பிரித்தோம். சேர்க்கை நடத்த ஏதாவது ஒரு வழி வேண்டும், அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். பிரித்த அடுத்த நாளே ஆசிரியர் அறையில் அது பிள்ளையின் குணமாகிவிடும், அதுதான் எனக்கு ஆகாதது. "அவன் வொக்கேஷனல் பையன்" என்றால் அவனைப் பற்றி வேறு எதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று பொருள்.

தொழிற்பிரிவில் விவசாயம் படித்த ஒரு பையன் இருந்தான். ஐப்பசி மழைக்குப் பிறகு, இடி இடித்த மறுநாள் காலையில், எந்த வரப்போரம் புற்றுக்காளான் கிளம்பும் என்று அவனுக்குத் தெரியும். ஒருநாள் காளானை மட்டும் கொண்டுவராமல், மண்வெட்டியால் பக்கவாட்டில் பறித்து, அதன் அடிவேர் மாதிரி இறங்கியிருந்த நீளத் தண்டு முறியாமல், அது போய் முடிந்த இடத்தையும் சேர்த்துப் பனையோலைப் பெட்டியில் கொண்டுவந்தான். கை அகலத்தில், சாம்பலும் பழுப்புமாக, அடுக்கடுக்கான மடிப்போடு ஒரு பஞ்சு உருண்டை. மடிப்புகளின் மேல் கடுகளவு வெள்ளை மணிகள். பக்கத்தில் வேலைக்காரக் கறையான்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அதுதான் கறையானின் காளான் தோட்டம். காய்ந்த சருகையும் குச்சியையும் கறையான் கடித்து விழுங்கி, அரைகுறையாகச் செரித்துக் கழித்ததை அடுக்கி அந்த மடிப்புகளைக் கட்டுகிறது. அதன் மேல் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சை வளர்ந்து, கறையானால் தனியே செரிக்க முடியாத மரநாரை உடைத்துத் தருகிறது. வெள்ளை மணிகளைக் கறையான் தின்கிறது. கறையான் குடலிலோ பாக்டீரியாக் கூட்டம். விலங்கு, பூஞ்சை, பாக்டீரியா, செத்த தாவரம், எல்லாம் ஒரு பெட்டிக்குள். மொட்டுக் காளானையும் சிப்பிக் காளானையும் வளர்க்கத் தெரிந்த நமக்கு இதைப் பண்ணையில் விளைவிக்கும் வழி இன்னும் கைகூடவில்லை. கறையானுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தெரியும்.

பயாலஜி குரூப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவனையே பாடம் நடத்தச் சொன்னேன். நச்சுக் காளானை எப்படி ஒதுக்குவது என்று ஒரு பெண் கேட்டாள். "தெரியாததத் தொடக் கூடாது. புத்துல தண்டு இறங்குதான்னு தோண்டிப் பாக்கணும். எங்க ஆத்தா பாத்து சரின்னாத்தான் ஆக்குவோம்" என்றான். அதைவிடப் பொறுப்பான பதிலை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அன்று மாலை ஆசிரியர் அறையில் ஒருவர், "வொக்கேஷனல் பையனா அது?" என்றார். ஆமாம், அந்த ஜூன் மாதத்து மார்க்கின்படி வொக்கேஷனல் பையன். அந்த மார்க்குக்கும் ஒரு தேதி இருந்தது.

இதைவிடக் கொடிய பிரிப்பு ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பிள்ளைகளின் கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு. தமிழகப் பள்ளிகளில் இது எவ்வளவு பரவியது என்றால், 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களால் வெட்டப்பட்டபின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளையே தடை செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. உயிரியல் வாத்தியாராக எனக்கு இது பொறுக்காது. யூக்ளினாவை ஒரு பிரிவில் வைக்க மூன்று தலைமுறை அறிஞர்கள் அதன் சவ்வையும் இழையையும் பச்சையத்தையும் பார்த்தார்கள். கயிறு கட்டுகிறவன் எதையும் பார்ப்பதில்லை. பிறந்த உடனே போட்ட கோடு, அதற்குக் கருவியும் இல்லை, கேள்வியும் இல்லை, திருத்தமும் இல்லை. மனிதர் அனைவரும் ஹோமோ சேப்பியன்ஸ் என்ற ஒரே இனம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிற ஆசிரியர் பாதிப் பாடத்தைத்தான் நடத்துகிறார். கழற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். வீட்டுக்குப் போய் அப்பனிடமும் கேட்க வேண்டும். நான் போயிருக்கிறேன். சில வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், சில வீட்டில் கொடுக்கவில்லை.

விலங்கியலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஓர் உயிரின் அறிவியல் பெயரை முழுமையாக எழுதும்போது பெயர் வைத்தவரையும் ஆண்டையும் சேர்த்து எழுத வேண்டும். நம் கொல்லையில் அகவுகிற மயில், பாவோ கிரிஸ்டேட்டஸ் லின்னேயஸ், 1758. ஓட்டு இடுக்கில் கூடு கட்டுகிற சிட்டுக்குருவிக்கும் பெயர் வைத்தவர் அவரே, ஆண்டும் அதுவே. ஆனால் குருவியின் பெயருக்குப் பின்னால் லின்னேயஸ், 1758 என்பதை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். காரணம், அவர் அதை ஃபிரிஞ்சில்லா என்ற வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் உற்றுப் பார்த்து பாஸர் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். மாற்றினாலும் முதலில் பார்த்தவரை அழிக்கவில்லை. அடைப்புக்குறி போட்டு, இவர் முதலில் சொன்னார், பிறகு இடம் மாறியது என்று குறித்துவைத்தார்கள். இருநூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான ஒரு திருத்தத்தின் வரலாறு இரண்டு வளைகோட்டில் நிற்கிறது. மூத்தோரை மதிப்பதற்கும் அவர்களைத் திருத்துவதற்கும் இதைவிட நாகரிகமான ஏற்பாடு எனக்குத் தெரியாது. நம் வீடுகளில் இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது.

திருத்தம் இன்னும் முடியவில்லை. 1977இல் அமெரிக்காவில் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, இவை பாக்டீரியாவே அல்ல என்றார்கள். பார்வைக்குப் பாக்டீரியா, உள்ளே வேறு வம்சம். ஆர்க்கியா என்று அதற்குப் பெயர். மாட்டின் வயிற்றிலும், சாண எரிவாயுக் கலத்திலும் அடுப்பெரிக்கிற வாயுவை உண்டாக்குவது அவைதான். 1990இல் வோஸ், பெரும்பிரிவுகளுக்கும் மேலே பாக்டீரியா, ஆர்க்கியா, யூக்கேரியா என்று மூன்று பேரெல்லைகளை வகுத்தார். 2015இல் ஒரு குழு பெரும்பிரிவுகள் ஏழு என்று வகுத்தது. நம் திராட்சை அடிச்சாம்பலுக்கு அதில் குரோமிஸ்டா என்ற பிரிவில் இடம் கிடைத்தது. அதே 2015இல் கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடையில் ஆழ்கடல் சேற்றில் கிடைத்த மரபணுக்கள், உட்கரு உள்ள உயிர்கள் எல்லாமே, நாமும் சேர்த்து, ஆர்க்கியாவுக்குள்ளிருந்து கிளைத்தவை என்று காட்டின. அது நிலைத்தால் மூன்று பேரெல்லைகள் இரண்டாகிவிடும்.

இப்போதும் சாயங்காலம் சில பிளஸ் ஒன் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப பரிட்சையில எத்தனைன்னு எழுத சார்?" என்பதுதான் அவர்களின் கவலை. நியாயமான கவலை. ஐந்து என்றே எழுதுங்கள், பக்கத்திலேயே விட்டேக்கர், 1969 என்று எழுதுங்கள் என்கிறேன். அதற்குத் தனி மார்க் கிடையாது என்றான் ஒரு பையன். தெரியும், இருந்தாலும் எழுது என்றேன்.